சட்டைப் பையில் ஒரு பியானோ

தடாவில் கல்கத்தா நெடுஞ்சாலையை விட்டு, காளஹஸ்தி சாலையில் மேற்கே திரும்பினால் வருகிற ஊர் வரதய்யபாளையம். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந்தேதி முதல் திருப்பதி மாவட்டம். தடா அருவிக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும்.

ஆனால் இன்று இந்த வட்டாரத்தை ஊரறியச் செய்திருப்பது அருவி அல்ல, ஆலைகள். வரதய்யபாளையம், சத்தியவேடு ஆகிய இரண்டு மண்டலங்களிலும் பரந்து கிடக்கிறது ஸ்ரீசிட்டி தொழில் நகரம். 2008-ல் தொடங்கப்பட்டது. சென்னையில் இருந்து ஏறக்குறைய 55 கிலோ மீட்டர். சாக்லேட்டில் இருந்து மெட்ரோ ரெயில் பெட்டி வரை இங்கே தயாராகிறது.

1960-ல் எல்லை திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது; சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது. ஆகவே தெலுங்குப் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்று தமிழ் பேசுவது இங்கே புதிது அல்ல. ஷிப்டு விடும் நேரத்தில் கம்பெனி பஸ்களில் இரண்டு மொழியும் கலந்தே கேட்கும்.

2015-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சியோமி கம்பெனி, இந்தியாவிலேயே செய்த தனது முதல் செல்போனை வெளியிட்டது. "ரெட்மி 2 பிரைம்" என்று பெயர். அது தயாரானது இதே ஸ்ரீசிட்டியில், பாக்ஸ்கான் ஆலையில். வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எட்டு மணி நேரம் திருகாணியும் கண்ணாடியும் பொருத்திவிட்டு, அறைக்குத் திரும்பியதும் அவர்கள் கையில் எடுத்ததும் ஒரு செல்போன்தான்.

அந்தச் செல்போனுக்குள் ஒரு பியானோ இருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா?

கண்ணாடிக்குள் 88 கட்டை

பியானோ ஆப் என்று தேடினால் டஜன் கணக்கில் வந்து விழும். ஆண்ட்ராய்டு போன்களில் "பெர்பெக்ட் பியானோ" போன்றவை. ஆப்பிள் போனிலும் ஐபேடிலும் "கராஜ்பேண்ட்". கராஜ்பேண்ட், ஐபேடுக்கு வந்தது 2011-ல். 2017-ல் இருந்து எல்லோருக்கும் இலவசம். திரையில் வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை படமாகத் தெரியும். தொட்டால் சத்தம் வரும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அதற்குள் அடங்கியிருக்கும் பொருள் சாமானியமானது அல்ல. சுமார் 1700-ல் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் பார்தொலொமியோ கிறிஸ்டபோரி என்ற கைவினைஞர் உருவாக்கிய வாத்தியம் பியானோ. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்டும். மெல்லத் தொட்டால் மெல்லிய நாதம், ஓங்கித் தட்டினால் பெரிய நாதம். "பியானோ போர்டே" என்ற முழுப் பெயருக்குப் பொருளே "மெல்லவும் உரக்கவும்" என்பதுதான்.

இன்றைய பியானோவில் 88 கட்டைகள். 52 வெள்ளை, 36 கறுப்பு. உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள். அத்தனையும் சேர்ந்து இழுக்கும் இழுவிசை பல டன். அதைத் தாங்க வார்ப்பு இரும்புச் சட்டம் வேண்டும். மாடி வீட்டுக்கு ஏற்ற நாலைந்து பேர் வேண்டும். விலை லட்சத்தில்தான் தொடங்கும். வாங்கினால் மட்டும் போதாது. சுருதி சேர்க்க ஆளை அழைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒன்றரை அறை வாடகை வீட்டில் இருக்கும் குமாஸ்தாவுக்கு இது எட்டாத பழம். ஓர் அறையில் நாலு பேர் படுக்கும் தொழிலாளிக்குச் சொல்லவே வேண்டாம்.

வாடகைக்குப் போன வாத்தியங்கள்

தமிழ்நாட்டில் பியானோவுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் இருக்கும் "மியூசி மியூசிக்கல்" கடையின் வேர் 1842-ல் தொடங்கிய மிஸ்க்வித் கம்பெனி. வெள்ளைக்காரர் வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் பியானோ விற்ற இடம் அது. மேல்நாட்டு சங்கீதம் படித்த பல தலைமுறைத் தமிழர்களுக்கு அந்தக் கடையின் வாசற்படி பழக்கம்.

பணம் இல்லாதவர்கள் எப்படிக் கற்றார்கள்? குருவின் வீட்டு வாத்தியத்தில்தான். பண்ணைப்புரத்தில் இருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்றார். 1976-ல் "அன்னக்கிளி" வெளிவந்தது. அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.

அதே 1976-ல், இசை அமைப்பாளர் ஆர்.கே.சேகர் காலமானார். அவருடைய மகனுக்கு அப்போது 9 வயது. அப்பா விட்டுச் சென்ற வாத்தியக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அந்தப் பையன்தான் ஏ.ஆர்.ரகுமான். ஒரு வாத்தியம் வீட்டில் இருப்பது அடுப்பு எரிவதற்குச் சமமாக இருந்த காலம் அது.

இன்று அந்த நிலை மாறிவிட்டது போலத் தோன்றுகிறது. பத்தாயிரம் ரூபாய் செல்போன் வைத்திருப்பவர் எவரும் ஒரு பைசா செலவில்லாமல் "பியானோ" வைத்திருக்கலாம். அது நிஜ பியானோதானா, அதில் பிள்ளை கற்றுக்கொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி. மகளோ மகனோ "அப்பா, எனக்கு கீபோர்டு வேணும்பா" என்று கேட்கிற வீடுகளில் இது வெறும் வேடிக்கைக் கேள்வி அல்ல. சம்பளத்தில் எதைக் குறைப்பது என்ற கேள்வி.

சத்தம் வருவது எப்படி?

கண்ணாடிக்குள் கம்பியும் இல்லை, சுத்தியலும் இல்லை. பிறகு நாதம் எங்கிருந்து வருகிறது?

ஒரு நல்ல பியானோவை ஸ்டூடியோவில் வைத்து, ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பதிவு செய்கிறார்கள். நீங்கள் திரையைத் தொடும்போது, அந்தக் கட்டையின் பதிவு ஒலிக்கிறது. ஒரு வகையில் இது 88 சின்னஞ்சிறு கிராமபோன் தட்டுகள்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சி.டி. தரத்தில் ஒரு கட்டையின் நாதத்தைப் பத்து வினாடி பதிவு செய்தால் ஒன்றே முக்கால் எம்.பி. ஆகும். 88 கட்டைக்குச் சுமார் 155 எம்.பி. மெல்லத் தொட்டது, நடுத்தரம், உரக்க, மிக உரக்க என்று நாலு விதமாகப் பதிந்தால் 600 எம்.பி.க்கு மேல் போய்விடும்.

ஆகவே இருபது, முப்பது எம்.பி.யில் இறங்குகிற இலவச ஆப் எங்கோ கைவைத்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று நாலு கட்டைக்கு ஒன்றைப் பதிவு செய்து, மற்றவற்றை அதையே ஏற்றி இறக்கிச் சமாளிப்பார்கள். நாதத்தைப் பத்து வினாடி ஓடவிடாமல் இரண்டு மூன்று வினாடியில் வெட்டிவிடுவார்கள். கேட்கும்போது டப்பா சத்தம் போல இருப்பது அதனால்தான்.

இன்னொரு வழியும் உண்டு. பதிவே இல்லாமல், கம்பி எப்படி அதிரும் என்பதைக் கணிதத்தால் அந்த நொடியிலேயே கணக்கிட்டு நாதத்தை உண்டாக்குவது. 2006-ல் பிரான்சில் வெளிவந்த "பியானோடெக்" இந்த வகை. இடம் குறைவாகப் பிடிக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டும்.

மூன்று குறைகள்

செல்போன் பியானோவுக்கு மூன்று குறைகள் உண்டு. விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். தெரிந்துகொண்டால் ஏமாற வேண்டியதில்லை.

முதல் குறை, அகலம். நிஜ பியானோவில் ஒரு வெள்ளைக் கட்டை ஏறக்குறைய இருபத்து மூன்றரை மில்லி மீட்டர். 52 கட்டைக்கு 122 சென்டி மீட்டர், அதாவது நாலு அடி. ஆறரை அங்குலத் திரை உள்ள செல்போனைப் படுக்க வைத்தால் நீளம் 15 சென்டி மீட்டர். நிஜ அளவில் ஆறு கட்டைதான் கொள்ளும். "ச" முதல் மேல் "ச" வரை எட்டுக் கட்டை வேண்டுமே! ஒரு ஸ்தாயிகூட அடங்காது.

அதனால் கட்டையை ஒரு சென்டி மீட்டருக்குச் சுருக்கி, இரண்டு ஸ்தாயி காட்டுகிறார்கள். விரல் நுனியே அதைவிட அகலம். பத்து அங்குல டேப்லட்டில் நிஜ அளவிலேயே ஒன்பது கட்டை கொள்ளும். ஒரு கைக்கு அது போதும். கற்றுக்கொள்ள நினைப்பவருக்குச் செல்போனைவிட டேப்லட் மேல் என்பது இதனால்தான்.

இரண்டாவது குறை, அழுத்தம். "மெல்லவும் உரக்கவும்" என்பதுதான் பியானோவின் உயிர் என்று பார்த்தோம். சாதாரணத் தொடுதிரைக்கு விரல் பட்டதா, எங்கே பட்டது என்பது மட்டும் தெரியும். எவ்வளவு பலமாகப் பட்டது என்பது தெரியாது. 2011-ல் வந்த ஐபேடு கராஜ்பேண்டில் ஒரு தந்திரம் செய்தார்கள். தட்டும்போது கருவி எவ்வளவு அதிர்கிறது என்பதை உள்ளிருக்கும் அசைவு உணரியால் அளந்து, அதை வைத்து அழுத்தத்தை ஊகித்தார்கள். 2015-ல் ஐபோன் 6எஸ் திரைக்கு அழுத்தத்தை அளக்கும் சக்தியே வந்தது. ஆனால் 2019-ல் ஐபோன் 11 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது குறை, தாமதம். தொட்டதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவில் உள்ள இடைவெளி. ஒலி ஒரு வினாடியில் 343 மீட்டர் போகும். வினாடியில் நூறில் ஒரு பங்கு தாமதம் என்றால், மூன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் வாத்தியத்தைக் கேட்பது போல. அது பரவாயில்லை. பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இது வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனது உண்டு. 2017-ல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது இதைக் குறைக்கப் புதிய வழி செய்தார்கள். ஆனாலும் எல்லா போனும் ஒன்று போல இல்லை.

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. புளூடூத் இயர்போன் போட்டுக்கொண்டு பியானோ ஆப் வாசிக்கக் கூடாது. சினிமாப் பாட்டுக் கேட்க அது சரி. ஆனால் அதன் தாமதம் வினாடியில் ஐந்தில் ஒரு பங்குவரைகூடப் போகும். 68 மீட்டர் தூரத்தில் ஒருவர் வாசித்து, நீங்கள் கேட்பது போல! வேகமான பாட்டில் அடுத்த சுரத்துக்கு விரல் போன பிறகுதான் முந்திய சுரம் காதில் விழும். தாளம் கெட்டுவிடும். "எனக்குத் தாள ஞானம் இல்லை" என்று பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும். குற்றம் பிள்ளையினுடையது அல்ல, இயர்போனுடையது. வயர் உள்ள பழைய இயர்போன் போதும்.

விளையாட்டா, வாத்தியமா?

2010-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஐபேடு விற்பனைக்கு வந்த மாதம். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் உலகப் புகழ்பெற்ற சீனப் பியானோ கலைஞர் லாங் லாங் கச்சேரி செய்தார். முடிவில் ரசிகர்கள் "இன்னும் ஒன்று" என்று கேட்டார்கள். அவர் பியானோவைத் தொடவில்லை. ஒரு ஐபேடை எடுத்து, "மேஜிக் பியானோ" என்ற ஆப்பில் ரிம்ஸ்கி கார்சகோவின் "வண்டின் பறத்தல்" இசையை வாசித்தார். அரங்கம் சிரித்துக் கைதட்டியது.

அதில் ஒரு ரகசியம் உண்டு. அந்த ஆப்பில் பாட்டு வாசிக்க, ஒளிப்புள்ளி வரும்போது தட்டினால் போதும். எந்தச் சுரம் வர வேண்டும் என்பதை ஆப் பார்த்துக்கொள்ளும். தாளம் மட்டும் உங்களுடையது.

ஒன்பது ஆண்டு கழித்து, 2019-ல், அதே "வண்டின் பறத்தல்" இசையை அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் நிஜ பியானோவில் வாசித்தான். முதலில் நிமிடத்துக்கு 208 தாள வேகம். பிறகு 325. பத்து லட்சம் டாலர் பரிசு அவனுக்கே கிடைத்தது. அந்த வேகம் எந்த ஆப்பும் கொடுத்தது அல்ல. விரல் கொடுத்தது.

இந்த இரண்டு சம்பவத்துக்கும் நடுவில்தான் வித்தியாசம் இருக்கிறது. மேலிருந்து வண்ணப் பட்டைகள் விழ, தட்டிக்கொண்டே போனால் பாட்டு வருகிற ஆப் ஒரு விளையாட்டு. விளையாடலாம், தப்பு இல்லை. ஆனால் ஆறு மாதம் அதில் தட்டிய பிள்ளை, பியானோ தெரியும் என்று நினைத்துக்கொண்டால் பிறகு ஏமாற்றம்தான். தப்பான கட்டையைத் தொட்டால் தப்பான சுரம் வர வேண்டும். அதுதான் வாத்தியம். அதில்தான் பாடம் இருக்கிறது.

ஐந்து கறுப்புக் கட்டை, ஐந்து ராகம்

அப்படியானால் செல்போன் பியானோவில் உருப்படியாக எதைக் கற்கலாம்? நிறையக் கற்கலாம்.

நம் பாடகர்கள் "எனக்கு அஞ்சு கட்டை", "அந்த அம்மாவுக்கு அஞ்சரைக் கட்டை" என்று சுருதி சொல்வார்கள் அல்லவா? அந்தக் "கட்டை" ஆர்மோனியக் கட்டைதான். மேல்நாட்டார் "சி" என்று சொல்லும் வெள்ளைக் கட்டை நமக்கு ஒரு கட்டை. அடுத்த வெள்ளை இரண்டு கட்டை. நடுவில் உள்ள கறுப்பு ஒன்றரைக் கட்டை. செல்போன் திரையில் இதை வைத்தே உங்கள் குரலுக்கு எந்தச் சுருதி என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு கட்டையை "ச" என்று வைத்து, வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போனால் சங்கராபரணம். அதில் இரண்டாவதற்கும் ஆறாவதற்கும் பதிலாக, அவற்றுக்கு முந்திய கறுப்பைத் தொட்டால் மாயாமாளவகௌளை. பாட்டு வாத்தியார் சரளி வரிசை தொடங்கும் ராகம் அதுதான்.

இன்னும் ஒரு வேடிக்கை. ஒரு ஸ்தாயியில் ஐந்து கறுப்புக் கட்டை. இரண்டு சேர்ந்து ஒரு கூட்டம், மூன்று சேர்ந்து ஒரு கூட்டம். மூன்று கூட்டத்தின் முதல் கறுப்பை "ச" ஆக வைத்துக் கறுப்புகளை மட்டும் வாசித்தால் மோகனம். அதன் நடுக் கறுப்பை "ச" ஆக்கினால் மத்தியமாவதி. கடைசிக் கறுப்பை "ச" ஆக்கினால் இந்தோளம். இரண்டு கூட்டத்தின் முதல் கறுப்பில் தொடங்கினால் சுத்த சாவேரி. அடுத்ததில் தொடங்கினால் சுத்த தன்யாசி.

கட்டை அதே ஐந்துதான். தொடங்கும் இடம் மாறினால் ராகமே மாறுகிறது! இதைக் கிரக பேதம் என்பார்கள். வித்வான்கள் கச்சேரியில் செய்து காட்டுகிற இந்த வித்தையை, பஸ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒற்றை விரலால் புரிந்துகொள்ளலாம். கீழே சுருதி ஒலிக்க இலவசத் தம்பூரா ஆப் இருக்கிறது. பெங்களூரில் ஜி.ராஜ்நாராயண் 1979-ல் மின்சாரத் தம்பூராவைக் கொண்டுவந்தார். இன்று அந்தப் பெட்டிகூடத் தேவையில்லாமல் போனுக்குள் அடங்கிவிட்டது.

பியானோவால் முடியாதது

பியானோவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. நம் சங்கீதத்துக்கு உயிர் கமகம். ஒரு சுரத்தில் இருந்து அடுத்த சுரத்துக்குக் குரல் வழுக்கிக்கொண்டு போகும். நின்ற இடத்தில் அசையும். பியானோ கட்டை ஒவ்வொன்றும் ஒரு படி. படிக்கு நடுவில் நிற்க முடியாது.

ஆர்மோனியத்தின் மீதும் இதே குற்றச்சாட்டுதான். அதனால் 1940-ல் அகில இந்திய ரேடியோ ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. ரவீந்திரநாத் தாகூருக்கும் ஆர்மோனியம் பிடிக்காது. 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது.

ஆனால் கண்ணாடிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதில் கட்டை என்பது வெறும் படம்தானே? விரலை வழுக்கினால் சுரமும் வழுக்கும்படி செய்யலாம். 2015-ல் வெளிவந்த "ஜியோஷ்ரெட்" என்ற ஆப் அப்படிச் செய்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கம்பியின் அதிர்வைக் கணிதமாக்கிய ஆராய்ச்சியில் இருந்து பிறந்தது அது. மகேஷ் ராகவன் என்ற இளைஞர் ஐபேடில் அதை வைத்துக் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறார். கமகம் துல்லியமாக விழுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், வாசிக்கப்படுவது ஒரு கண்ணாடிப் பலகை என்று சொல்ல முடியாது.

வயலின் நம் வாத்தியமா? இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர் ஒருவரிடம் கற்று, நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். மாண்டலினை உ.ஸ்ரீநிவாஸ் நம்முடையது ஆக்கினார். சாக்சபோனைக் கத்ரி கோபால்நாத் ஆக்கினார். பியானோவிலேயே நம் இசையை வாசிப்பவர் அனில் ஸ்ரீநிவாசன். கீபோர்டில் கமகம் கொண்டு வந்தவர் சத்யநாராயணன். நாளைக்குக் கண்ணாடிப் பலகையும் மேடை ஏறினால் ஆச்சரியம் இல்லை.

காசு போகும் வழி

இலவசம் என்ற பெயரில் வருகிற ஆப்களில் சில காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

"ஏழு நாள் இலவசம்" என்று சொல்லி, தொடங்கும்போதே கார்டு விவரமோ யு.பி.ஐ. அனுமதியோ கேட்டால் நிதானிக்க வேண்டும். ஏழாம் நாள் முடிந்ததும் ஆண்டுச் சந்தா தானாகப் பிடித்தம் ஆகிவிடும். ஆப்பை அழித்தால் சந்தா ரத்து ஆகாது. பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் சந்தா என்ற இடத்துக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். சம்பளத் தேதிக்கு முன்னால் கணக்கில் மிச்சம் இருந்த ஆயிரம் ரூபாய் காணாமல் போவது இப்படித்தான்.

பியானோ வாசிக்க உங்கள் போன் நம்பர் பட்டியல் எதற்கு? நீங்கள் இருக்கும் இடம் எதற்கு? கேட்டால் மறுத்துவிடலாம். மைக் அனுமதி மட்டும், வாசிப்பதைப் பதிவு செய்யவோ, நீங்கள் வெளியே வாசிப்பதை ஆப் கேட்டுத் திருத்தவோ தேவைப்படலாம்.

வாசிக்கும்போது போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் அழைப்பும் வராது. பல ஆப்களில் விளம்பரமும் வராது. சில போன்களில் மூன்று விரலால் திரையை இழுத்தால் படம் எடுத்துக்கொள்ளும். மூன்று கட்டையைச் சேர்த்து அழுத்தும்போது அது குறுக்கே வரும். செட்டிங்கில் அதை நிறுத்திவிட வேண்டும். ஐபேடில் நாலு, ஐந்து விரல் சைகையையும் அப்படியே நிறுத்தலாம். மலிவான சில திரைகள் ஒரே நேரத்தில் இரண்டு விரலைத்தான் உணரும். மூன்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

வாங்கலாமா, வேண்டாமா?

மகள் கேட்கிறாள். அப்பா என்ன செய்வது?

முதல் மூன்று மாதம் ஒன்றும் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கிற செல்போன் போதும். சுரம் தெரிகிறதா, ஆசை நிற்கிறதா, தினமும் கால் மணி நேரம் தானாக உட்காருகிறாளா என்று பார்க்கலாம். அந்த ஆசை மூன்று மாதத்தில் தணிந்தால், பரண் மேல் ஒரு கீபோர்டு தூசி படியாமல் தப்பியது.

ஆசை நின்றால், அதற்கு மேல் செல்போனில் நிறுத்தி வைக்கக் கூடாது. கண்ணாடியில் விரலுக்குப் பலம் வராது. கட்டை எங்கே என்று பார்க்காமல் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து விரலையும் வளைத்து வைக்கும் பழக்கம் வராது. ஒற்றை விரலால் தட்டும் பழக்கம் ஊறிவிட்டால், பிறகு வாத்தியார் அதை மாற்றுவது கஷ்டம்.

அதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது. 1983-ல் "மிடி" என்று ஓர் ஏற்பாடு வந்தது. எந்தக் கம்பெனி கீபோர்டும் எந்தக் கம்பெனிக் கருவியோடும் பேசிக்கொள்ளும் மொழி அது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பதை 127 படிகளில் சொல்லும். ஆண்ட்ராய்டு 6 வந்த 2015 முதல் செல்போனுக்கும் அந்த மொழி தெரியும். ஆகவே சத்தமே வராத, வெறும் கட்டை மட்டும் உள்ள மிடி கீபோர்டை வாங்கி, ஒரு சிறு வயரால் போனோடு சேர்த்தால் போதும். கட்டை நிஜம், நாதம் போனில் இருந்து. வாங்கும்போது மெல்லத் தொட்டால் மெல்லிய சத்தம் வருகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும். அந்தக் குணம் இல்லாத கீபோர்டு, விலை குறைந்தாலும் நஷ்டம்தான்.

வாத்தியார் கட்டாயம் வேண்டும். வாரம் ஒரு மணி நேரமாவது. ஆப் "சரி", "தப்பு" என்று சொல்லும். ஆனால் தோளை இறுக்கிக்கொண்டிருக்கிறாய், மணிக்கட்டை இறக்கு என்று சொல்ல அதற்குக் கண் இல்லை.

இரவு ஷிப்டு முடிந்து

இது பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் நின்று, யாரோ வாசித்த ஆர்மோனியத்தைக் கேட்டுவிட்டு, பிறகு ஐ.டி.ஐ., வேலை, கல்யாணம், கடன் என்று ஓடிப்போனவர்கள் எத்தனையோ பேர். ஊரை விட்டு வந்து வேறு மாநிலத்தில் அறை எடுத்துத் தங்கியவருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிக நீளமானது. அந்த மத்தியானத்துக்கு ஐந்து கறுப்புக் கட்டை போதும்.

அறையில் மற்ற மூன்று பேர் தூங்கினாலும் கவலை இல்லை. வயர் இயர்போன் மாட்டிக்கொண்டால் சத்தம் வெளியே போகாது. நிஜ பியானோவால் செய்ய முடியாத காரியம் இது.

செல்போன் பியானோ, பியானோ ஆகாது. சைக்கிள் படம் போட்ட புத்தகம் சைக்கிள் ஆகாத மாதிரிதான் என்று சிலர் சொல்வார்கள். அது முழு நியாயம் அல்ல. படத்தில் ஏறி ஓட்ட முடியாது. ஆனால் இந்தக் கண்ணாடியில் மோகனம் வருகிறது.

வரதய்யபாளையம் பக்கத்து ஆலையில் அந்தக் கண்ணாடியைப் பொருத்திய கைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். திருகாணியைத் திருகிய விரலுக்கு, தான் திருகி மூடிய பெட்டிக்குள் 88 கட்டை இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். எட்டு மணி நேரம் கம்பெனிக்கு. கால் மணி நேரம் மோகனத்துக்கு.